வடக்குச் சுவரில் பன்னிரண்டு குண்டூசிகள்

ஜூலை மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை, ஒஸ்மோ ஹக்கோலா தன் மச்சான் யால்மரியின் வைக்கோல் கொட்டகைக்குப் போய், அதன் வடக்குச் சுவருக்குச் செம்மண் சாயம் பூசினார். இரண்டு பூச்சு. அரைகுறையாகப் பூசியிருந்தால் தப்பிப்பதற்கு ஏதாவது வழி இருந்திருக்கும். ஆனால் கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் அன்றைக்குப் பார்த்துத்தான் அவருக்குப் பொறுப்பு வந்தது.

சாயம் பூசுவதற்கு முன் பலகையைக் கம்பி பிரஷால் தேய்க்க வேண்டும். தேய்த்தார். எண்பது வருட மழையும் பனியும் வாங்கிச் சாம்பலாகிப் போயிருந்த பலகைகளிலிருந்து தூசியும் தும்பும் உதிர்ந்து அவர் தொப்பியை நிரப்பின. முற்றத்தில் யால்மரி இரும்புக் கொப்பரையில் ரை தானிய மாவையும் செம்மண்ணையும் கொட்டிக் கூழ் காய்ச்சுவது போல் கிண்டிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தார் எட்டுப் பேர் மற்ற மூன்று சுவர்களில் இருந்தார்கள். வடக்குச் சுவரை யாரும் கேட்கவில்லை, அங்கே வெயில் வராது, கொசு வரும். ஒஸ்மோ தானாக முன்வந்து அதை வாங்கிக்கொண்டார்.

இப்படி ஒரு வீட்டு வேலைக்குச் சொந்தமும் அக்கம்பக்கமும் கூலியில்லாமல் கூடுவதற்கு அங்கே தல்கோட் என்று பெயர். கூப்பிட்டால் போகாமல் இருக்கக் கூடாது, போனால் வேலை செய்யாமல் இருக்கக் கூடாது. ஒஸ்மோ முதல் விதியை மட்டும் மதித்து வந்தவர். கூரை மாற்றும் தல்கோட், உருளைக்கிழங்கு தல்கோட், விறகு தல்கோட் என்று எதுவானாலும் காப்பி நேரத்துக்குச் சரியாக ஆஜராவார். பிறகு சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு வேலிக்கம்பத்தின் பின்னால் மறைந்துவிடுவார். அந்தச் சனிக்கிழமை காரில் வரும்போதே மனைவி இர்மெலி லென்ஸைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். ஒரே ஒரு நாளாவது என் அண்ணன் முன்னால் மனுஷனாக இரு என்று கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

நியாயத்துக்கு, யால்மரி தன் கடமையைச் செய்தார். பிரஷ்ஷைக் கொடுக்கும் முன் எட்டுப் பேர் காதிலும் விழும்படி கேட்டார்.

“இதுல உன் சரக்கு ஏதாவது இருக்கா மச்சான்? இருந்தா சொல்லு, அந்த இடத்த விட்டுடலாம்.”

ஒஸ்மோவின் சரக்கு லைக்கன். பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் லைக்கன்தான், ஆனால் அது யானை என்றால் ஒஸ்மோவினுடையது கொசு. பல்கலைக்கழகத்தின் தாவரச் சேகரிப்பில் உட்கார்ந்துகொண்டு அவர் முப்பது வருடமாகப் பார்த்து வந்தது குண்டூசி லைக்கன்களை மட்டும். ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு காம்பு, அதன் உச்சியில் ஒரு தலை, அவ்வளவுதான் அதன் மொத்த உடம்பும். பழைய மரத்தில் கூட்டமாக நிற்கும்போது மூன்று நாள் சவரம் செய்யாத முகவாய் மாதிரி இருக்கும். உலகம் முழுக்க இதைப் படிப்பவர்கள் பதினொரு பேர். அதில் நான்கு பேருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், ஆனாலும் சண்டையில் இன்னும் கலந்துகொள்கிறார்கள்.

இந்தப் பதினொரு பேரும் எதற்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். தொழில் அப்படி. வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால், மழையோடு ஒத்துப்போகும் சில அடையாளங்கள் தெரிகின்றன என்பார் ஒஸ்மோ. அப்படிப்பட்டவர் அன்றைக்குக் கையில் பிரஷ்ஷோடு, லென்ஸ் இல்லாத வெறுங்கண்ணால் சுவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தெளிவான பதில் சொன்னார்.

“ஒண்ணுமில்ல. எல்லாம் எங்க பாத்தாலும் இருக்கற வகைதான். தாராளமா பூசு.”

சாயங்காலம் யால்மரி எல்லோர் முன்னிலையிலும் அவர் தோளில் தட்டினார். இர்மெலி வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஒரு வாரத்துக்கு ஒஸ்மோ கர்வமாகத் திரிந்தார்.

விஷயம் பிப்ரவரியில்தான் தெரிந்தது.

மே மாதத்தோடு அவருக்கு ஓய்வு. அறையை ஒழித்துக் கொடுக்கும்படி நிர்வாகம் மூன்று கடிதம் போட்டிருந்தது. அறையில் இருந்தவை இருபத்தேழு செருப்புப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் காகித உறைகள், ஒவ்வொரு உறைக்குள்ளும் மரச் சிராய் ஒன்று, ஒவ்வொரு உறையின் மேலும் ஒரு கேள்விக்குறி. பிறகு பார்க்கலாம் என்று முப்பது வருடமாக எடுத்து வைத்தவை. நாளைக்கு ஒரு பெட்டி என்று கணக்கு வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். பத்தொன்பதாவது பெட்டியில் ஆறு வருடத்துக்கு முந்தைய உறை ஒன்று கிடைத்தது. அவர் கையெழுத்தேதான். ‘யால்மரி கொட்டகை, வடக்குச் சுவர். வெள்ளைக்கழுத்து வகை? பிறகு பார்க்க.’ கூரை மாற்றிய தல்கோட்டின்போது எல்லோரும் ஆணி அடித்துக்கொண்டிருக்க, பேனாக்கத்தியால் இவர் சீவி எடுத்தது. பெரியவர் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிராய், அதில் பன்னிரண்டு குண்டூசிகள்.

லென்ஸில் பார்த்தார். வெள்ளைக்கழுத்து வகைக்குத் தலைக்குக் கீழே மாவு தடவியது போல வெள்ளை இருக்க வேண்டும். இதற்குத் துருப் பிடித்த நிறத்தில் இருந்தது. பழசாகிவிட்டது போலும் என்று நினைத்து ஒன்றைப் பிய்த்துக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி நுண்ணோக்கியில் வைத்தார். தலையிலிருந்து உதிர்ந்த வித்துத்தூள் மேல் திருகாணிக்கு இருப்பது போல் சுற்றுச்சுற்றாக மரை ஓடியது. வெள்ளைக்கழுத்துக்கு அது கிடையாது. வேறு எதற்குமே கிடையாது. புத்தகங்களை இறக்கினார். இரண்டாவதை நசுக்கினார். மூன்றாவதையும் நசுக்கிவிட்டு எழுந்துபோய்க் குழாயைத் திறந்து தண்ணீர் குடித்தார். டம்ளர் எடுக்கத் தோன்றவில்லை.

ஒரு உயிரினத்துக்கு முதலில் பெயர் வைத்து எழுதுகிறவரின் குடும்பப் பெயர் அந்தப் பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும். உலகம் இருக்கிற வரை பிரியாது. முப்பது வருடமாக ஒஸ்மோ மற்றவர்கள் வால் ஒட்டிய பெயர்களை அட்டையில் எழுதி, அகர வரிசையில் அடுக்கி, கேட்டவர்களுக்கு இரவல் கொடுத்து, திரும்பி வராதபோது நினைவூட்டல் கடிதம் போட்டிருக்கிறார். ஹக்கோலா என்ற வால் மட்டும் எங்கும் இல்லை. ஒன்றே ஒன்று போதும் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கையில் உறையை மறுபடி கையில் எடுத்து இடத்தின் பெயரைப் படித்தார்.

யால்மரி கொட்டகை. வடக்குச் சுவர்.

நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பூச்சு. அதற்கு முன்னால் கம்பி பிரஷ். தொப்பியை வேறு முற்றத்தில் தட்டி உதறியிருக்கிறார்.

அன்றிலிருந்து அவர் நிலைமை இதுதான். அது புது இனம் என்றால், அது இருந்த ஒரே இடத்தைத் தன் கையாலேயே தேய்த்து மெழுகியவர் அவர். புது இனம் இல்லையென்றால் அவர் கை சுத்தம், ஆனால் கையில் ஒன்றும் இல்லை. கொலைகாரன் என்றால் புகழ் உண்டு, நிரபராதி என்றால் வெறும் பென்ஷன். எது வேண்டும் என்று அவரே தன்னைக் கேட்டுப் பார்த்தார். நேரான பதில் வரவில்லை.

சாப்பாட்டு மேசையில் இர்மெலியிடம் சொன்னார். அவள் முள்கரண்டியை வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, அவர் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தாள். அண்ணனிடம் மூச்சு விடாதே என்றாள், அவன் காதில் விழுந்தால் அடுத்த ஞாயிறு சர்ச் காப்பியில் ஊரே பேசும். அவளைச் சமாதானப்படுத்துவதற்காக, உயிரினத்துக்கு உன் பெயரையே வைக்கலாமென்று இருக்கிறேன் என்றார் ஒஸ்மோ.

“மீசை மாதிரி இருக்கு, அர மில்லிமீட்டர் தலை, இப்ப உயிரோடவும் இல்ல. அதுக்கா என் பேரு?”

அந்தப் பேச்சு அத்துடன் நின்றது.

புதுசா இல்லையா என்று அடித்துச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான். குன்வோர் என்ற பெண்மணி. பதினொரு பேரில் முதல் ஆள், அவரைக் கேட்காமல் யாரும் ஒரு குண்டூசிக்குப் பெயர் வைத்ததில்லை. கடலோரத்தில் ஸ்வீடிஷ் பேசுகிற ஊரொன்றில் இருந்தார். கொட்டகையிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். ஒஸ்மோவும் அவரும் முப்பது வருடமாகக் கடிதத்தில் பழக்கம். நேரில் பார்த்தது நான்கு முறை, நான்கும் சக ஆராய்ச்சியாளர்களின் சவ அடக்கத்தில். குன்வோரின் பதில்கள் ஐந்து வகை என்று ஒஸ்மோ பட்டியல் போட்டு வைத்திருந்தார்: சுவாரஸ்யம், மிகவும் சுவாரஸ்யம், இருக்கலாம், பார்க்கணும், மௌனம். கடைசியதற்கு என்ன பொருள் என்பதில் மட்டும் பதினொரு பேருக்குள்ளும் ஒருமித்த கருத்து கிடையாது.

பன்னிரண்டில் மூன்று நசுக்கியாகிவிட்டது. ஒன்று ஒஸ்மோவின் தும்மலில் போனது, அதை எந்த அறிக்கையிலும் குறிப்பிட முடியாது. மிச்சம் எட்டு. நான்கைச் சேகரிப்புக்கென்று வைத்துக்கொண்டு நான்கைத் தபாலில் அனுப்பினார். புது உயிரினம் என்று நிரூபிக்க வேண்டுமானால் அதில் கொஞ்சத்தை அரைத்துப் பார்க்க வேண்டும். இருக்கிறதா என்று சோதித்துச் சோதித்தே இல்லாமல் ஆக்கிவிடுகிற தொழில் அது.

மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. சுவாரஸ்யம், இன்னும் கொஞ்சம் சரக்கு வேண்டும், எந்த இடம் என்று கேட்டிருந்தார் குன்வோர். ஒரு கொட்டகை என்று எழுதினார் ஒஸ்மோ. அந்த இடத்தின் இப்போதைய நிலை என்ன என்று அடுத்த கேள்வி. ‘சுவரின் மேற்பரப்பில் சமீபத்தில் சில மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன’ என்று அரை நாள் யோசித்துப் பதில் எழுதினார். அறிவியல் கட்டுரைகளில் சுவர்கள் தாங்களாகவே சாயம் பூசிக்கொள்ளும், யாரும் பிரஷ்ஷைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

குன்வோர் ஐந்தாம் வகைப் பதிலுக்குப் போய்விட்டார்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இர்மெலி அண்ணியோடு பேசிக்கொண்டிருந்த நேரம், ஒஸ்மோ பனிச்சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு வயலைக் கடந்து கொட்டகைக்குப் போனார். வெள்ளை வெளியில் அது தக்காளி மாதிரி சிவந்து நின்றது. வடக்குச் சுவரில் மூக்கை ஒட்டவைத்து, லென்ஸால் பலகை பலகையாகப் பார்த்தார். செம்மண் ஒவ்வொரு இடுக்கிலும் நுழைந்திருந்தது. இவ்வளவு ஒழுங்காகப் பூசியவன் யார் என்று அவருக்கே கோபம் வந்தது.

பின்னால் பனி நொறுங்கும் சத்தம். யால்மரி. ஆறடி இரண்டங்குலம், காதில் கம்பளித் தொப்பி. சாயம் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்க்க வந்தேன் என்று ஒஸ்மோ சொல்லிவைத்தார். யால்மரியின் முகம் கனிந்தது. இத்தனை வருடத்தில் இந்த ஆள் தன் சொத்து ஒன்றில் அக்கறை காட்டுவது இதுவே முதல் முறை. அவரும் கூட நின்று சுவரை மேலும் கீழும் பார்த்தார். உற்றுப் பார்க்கிறேன் என்று பார்த்து, ஒஸ்மோ பார்க்காததைப் பார்த்தார். சுவரின் உச்சியில், கூரை முட்டும் இடத்துக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது. ஏழாவது படிக்கு மேல் ஒஸ்மோவுக்குத் தலை சுற்றும். அதனால் அந்த உயரத்தை யால்மரிதான் கழியில் பிரஷ் கட்டிப் பூசியிருந்தார். அந்த இடம் விட்டுப்போயிருக்கிறது.

யால்மரிக்கு அவமானமாகிவிட்டது. பாதி வாளி சாயம் மிச்சம் இருக்கிறது, குளிர் போனதும் நானே அடித்துவிடுகிறேன், யாரிடமும் சொல்லாதே என்றார். ஒஸ்மோவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஏணி எங்கே என்று கேட்டார்.

பதினான்கு படி. எட்டாவதில் கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டாவதில் இர்மெலியின் பெயரைச் சொன்னார். பதினான்காவதில் ஒரு கையால் கூரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் லென்ஸை வைத்துப் பார்த்தார். முகவாய்த் தாடி மாதிரி, காற்றில் அசையாமல், குண்டூசிகள் நின்றுகொண்டிருந்தன. ஐம்பதாவது இருக்கும். கழுத்து வெள்ளையா துருவா என்று தெரியவில்லை. அவருடைய மூச்சுபட்டு லென்ஸ் பனித்துவிட்டது. பிய்த்து எடுக்கத் துணிச்சல் இல்லை. அந்த ஐம்பதும் சாதாரண வெள்ளைக்கழுத்தாக இருக்கலாம். உலகத்தில் மிச்சமிருக்கிற ஐம்பதாகவும் இருக்கலாம்.

மே முதல் வாரத்தில் யால்மரி போன் செய்தார். வெயில் நன்றாக அடிக்கிறது, சாயம் வாளியில் கெட்டுக்கொண்டிருக்கிறது, சனிக்கிழமை அந்த மூலையை முடித்துவிடப் போகிறேன் என்றார். வேண்டாம் என்று ஒஸ்மோ சொன்னார். ஏன் என்று கேட்டார் யால்மரி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஜூலை மாதம் எட்டுப் பேர் முன்னால் சொன்னதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒஸ்மோ அங்கிருந்தே ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

யால்மரி குறுக்கே பேசாமல் கேட்டார். சிரிக்கவும் இல்லை. கடைசியில் ரொம்ப நிதானமாகச் சொன்னார்.

“அப்ப நான் கேட்டேன். நீ சொன்னே. சரி, போகட்டும். அந்த அம்மாவ வரச் சொல்லு, ஏறிப் பாக்கட்டும். வேணும்னா அந்த எடத்த தொடமாட்டேன். ஆனா ஒரே வார்த்தைல சொல்லணும். உங்க ஆளுங்க பாஷைல இருக்கலாம் கிருக்கலாம்னு சொன்னா பிரஷ்ஷ எடுத்துடுவேன் மச்சான். எனக்குக் கொட்டகை முழுசா செவப்பா இருக்கணும்.”

அன்று இரவு ஒஸ்மோ குன்வோருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். முப்பது வருடத்தில் அவர் எழுதியவற்றில் அதுதான் சின்னது. ‘மேற்பரப்பில் மாற்றம் எதுவும் தானாக நிகழவில்லை. நான் பூசினேன். உள்ளங்கை அளவு மிச்சம் இருக்கிறது. சனிக்கிழமை அதையும் பூசிவிடுவார்கள். வா.’

பதினோரு நிமிடத்தில் பதில் வந்தது. வருகிறேன் என்று ஒரு சொல். ஒஸ்மோ அதை நாலைந்து முறை படித்தார். அந்தச் சொல் அவர் பட்டியலில் இல்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குக் குன்வோர் வந்து இறங்கினார். எழுபதைத் தொடுகிற உருவம், ரப்பர் பூட்ஸ், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூன்று லென்ஸ்கள். கையைக் குலுக்கினார், யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. சுவரைப் பார்த்தார். முழுச் சுவரையும் ஒரு நிமிடம் பார்த்தார். ஒஸ்மோ தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாளியும் பிரஷ்ஷும் ஏணிக்குப் பக்கத்தில் தயாராக இருந்தன. யால்மரி வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார் என்று சொல்ல முடியாது, ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான்.

குன்வோர் பதினான்கு படியையும் மாடிக்குப் போவது போல ஏறினார். ஏணியை ஒஸ்மோ பிடித்துக்கொண்டார். நாற்பது நிமிடம். மேலேயிருந்து முதலில் ம் என்று ஒரு சத்தம் வந்தது, கால் மணி நேரம் கழித்து இன்னொரு ம். அதற்கு இடையில் மேலே பார்த்து, புதுசா என்று ஒஸ்மோ கேட்டார். பார்க்கணும் என்று மேலேயிருந்து பதில் வந்தது. கழுத்து துரு நிறமா என்று கேட்டார். இருக்கலாம் என்று வந்தது. ஏணியைப் பிடித்திருந்த கை மரத்துப்போனது. அவ்வளவு பக்கத்தில் ஒரு பதில் அவ்வளவு பொறுமையாக மறைந்துகொண்டிருக்க முடியும் என்று அவர் அதற்கு முன் எண்ணியதில்லை.

குன்வோர் கீழே இறங்கி வந்ததும் இர்மெலி காப்பி கொண்டுவந்தாள். மரப் பெஞ்சில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். கோப்பையின் அடியில் சுட்ட பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு அதன் மேல் காப்பியை ஊற்றிக்கொண்டார்கள். யால்மரி ஒரு கோப்பை முழுக்கக் குடிக்கும் வரை காத்திருந்தார். அது அவருடைய மரியாதை. பிறகு குன்வோரைப் பார்த்துத் திரும்பினார்.

“சொல்லுங்க. பூசவா, வேணாமா?”

குன்வோர் கோப்பையின் உள்ளே பார்த்தார். “சுவாரஸ்யமா இருக்கு,” என்றார்.

யால்மரி தலையை ஆட்டினார். கோபமே இல்லை. எழுந்து கழியில் கட்டியிருந்த பிரஷ்ஷை வாளியில் முக்கி, விளிம்பில் இருமுறை வழித்துவிட்டு, ஏணியில் கால் வைத்தார். ஒஸ்மோ பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இர்மெலி அவர் முட்டியில் கை வைத்தாள். ஏணி ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் முனகியது. நாலு. ஐந்து. யால்மரி பெரிய ஆள், படிகளைத் தாண்டித் தாண்டி ஏறினார். எட்டு. குன்வோரின் கரண்டி கோப்பைக்குள் சுற்றுவது நின்றது. பத்தாவது படியில் யால்மரியின் கை கழியை மேலே நீட்டியது.

“பூசினா பூசிக்கோங்க,” என்றார் குன்வோர். “அதனால அது அழிஞ்சுடாது.”

கழி அந்தரத்தில் நின்றது. பிரஷ் நுனியிலிருந்து ஒரு சொட்டு செம்மண் விழுந்து பெஞ்சின் முனையில் பட்டது.

குன்வோர் தன் பையைத் திறந்து ஒரு காகித உறையை எடுத்து ஒஸ்மோவின் முன்னால் வைத்தார். வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார். நிறம் மங்கிப்போன மை, இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய தேதி, அவருடைய மாமியார் வீட்டுக் கொட்டகையின் பெயர், கடைசியில் ஒரு கேள்விக்குறி. ஒஸ்மோ லென்ஸை எடுக்க மறந்து உறையைப் பிரித்தார், பிறகு இர்மெலி அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த லென்ஸால் பார்த்தார். துரு நிறக் கழுத்து. கூட்டம் கூட்டமாக.

கடலோரத்தில் மூன்று கொட்டகைகளில் அது இருக்கிறது என்று குன்வோர் கிடுகிடுவென்று சொன்னார், கேட்பதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது போல. மாமியாருடையது ஒன்று, கொஞ்சம் தள்ளி இரண்டு. எதற்கும் யாரும் சாயம் பூசவில்லை, பூசுகிற மாதிரி உத்தேசமும் இல்லை. இங்கே மேலே இருப்பதும் அதுதான். சந்தேகமில்லை.

ஒஸ்மோவுக்கு முதலில் நிம்மதி வந்தது. மூச்சு முழுசாக உள்ளே போய், முழுசாக வெளியே வந்தது, பிப்ரவரிக்குப் பிறகு அப்படி ஒரு மூச்சு இதுதான். அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. இருபத்தெட்டு வருடம் முன்னாலேயே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். வால் போய்விட்டது.

“அப்ப புதுசு இல்ல,” என்றார்.

“புதுசுதான். பேரு கெடையாது. நான் எழுதல. நீ எழுதினா உன்னோடது.” உறையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார் குன்வோர். “இதையும் சேத்து எழுது. இது இல்லாம உன் நாலு குண்டூசிய வெச்சு யாரும் நம்ப மாட்டாங்க.”

ஏணியின் மேலேயிருந்து யால்மரி, அப்ப பூசவா வேணாமா, இன்னும் அதுக்கு யாரும் பதில் சொல்லலையே என்று கேட்டார். வேணாம் என்றார் குன்வோர், ஒரே வார்த்தையில். யால்மரி இறங்கி வந்து பிரஷ்ஷைப் புல்லில் துடைத்தார். கொட்டகையின் மூலையில் ஒரு சாம்பல் உள்ளங்கை விட்டுப்போனதில் அவருக்கு மனசு ஆறவில்லை, முகத்தில் தெரிந்தது. ஆனால் வாக்கு வாக்குதான்.

ஒஸ்மோ உறையைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் அவர் மாதங்களைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் நான்கு குண்டூசிகளை அனுப்பியபோதே குன்வோருக்குத் தெரிந்திருக்கும். நுண்ணோக்கியில் வைத்த அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். தூங்காமல் கழிந்த ராத்திரிகளை ஒஸ்மோ எண்ணவில்லை, இர்மெலி எண்ணியிருக்கிறாள்.

“குன்வோர், பிப்ரவரிலயே உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“மூணு மாசம். நான் என்ன அவதிப்பட்டேன்னு தெரியுமா? ஒரு வரி போட்டிருக்கலாமே. ஏன் சொல்லல?”

இதற்கு வரப்போவது ஐந்தில் எது என்று ஒஸ்மோ மனசுக்குள் தயாராகிவிட்டார். மௌனமாக இருக்கும் என்றுதான் நினைத்தார். குன்வோர் கரண்டியால் காப்பியிலிருந்து பாலாடைக்கட்டித் துண்டை எடுத்தார், வாயில் போட்டார், மென்று முழுங்கினார். வடக்குச் சுவரின் உச்சியைப் பார்த்தார், பிறகு ஒஸ்மோவை நேராகப் பார்த்தார்.

“பொறாமைதான், ஒஸ்மோ. தப்பாப் போயிடுமோன்னு பயந்து இருபத்தெட்டு வருஷம் அத டிராயர்ல வெச்சிருந்தேன். நீ ஒரே மத்தியானத்துல அது புதுசுன்னு நம்பிட்டே. என்னால தாங்க முடியல.”